விழா வந்தது, மன்றம் எப்போது வரும்?



'பள்ளியில் கலையும் மாணவர் மன்றங்களும்' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. பள்ளியில் கலை என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆண்டு விழா. சீரியல் விளக்கு, வாடகைக்கு எடுத்த உடை, முகமெல்லாம் ரோஸ் பவுடர், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி முன்வரிசையில் பெற்றோர். அந்த நாளை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் கிடக்கின்ற நாட்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விழா இல்லாத வாரத்தில், பரிசு இல்லாத வெள்ளிக்கிழமையில், கைதட்ட ஆளில்லாத வகுப்பறையில் நம் பிள்ளைகளுக்குக் கலை கிடைக்கிறதா? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேட, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மதுரைக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

1918ஆம் ஆண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருக்க, தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் கம்பெனி அங்கே உருவாகிறது. அதில் நடித்தவர்கள் யார்? சிறுவர்கள். பின்னாளில் அவ்வை சண்முகம் என்று நாடே கொண்டாடிய தி.க. சண்முகம் அந்தச் சபாவில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பாடம் கேட்க வேண்டும், பாட்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டும், விடிய விடிய நடிக்க வேண்டும். அடுத்து எம்.ஜி.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதோடு படிப்பு நின்றது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். சிவாஜி கணேசன் சிறு பையனாக இருக்கும்போதே வீட்டை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தான்.

இந்தப் பிள்ளைகளை மேடைக்கு இழுத்துப் போனது கலைத்தாகம் மட்டுமா? இல்லை, அம்மா. பலருடைய வீட்டில் அடுப்பு எரியவில்லை. கம்பெனியில் சோறு போட்டார்கள். சோற்றுக்காகப் போன இடத்தில் கலை கிடைத்தது. கலை கிடைத்த இடத்தில் பள்ளி கைவிட்டுப் போனது. அதே காலத்தில் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் நிலை என்ன? கூத்து பார்க்கப் போனால் அடி. பாட்டுப் பாடினால் "படிக்கிற வழியைப் பார்" என்று அதட்டல். மேடை கிடைத்த பிள்ளைக்குப் பள்ளி இல்லை. பள்ளி கிடைத்த பிள்ளைக்கு மேடை இல்லை. ஒரு தலைமுறை இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

பசிக்கு இந்த மாநிலம் பதில் சொன்னது. 1956இல் காமராசர் மதிய உணவைப் பள்ளிகளுக்கு விரிவாகக் கொண்டுவந்தார். 1982இல், மூன்றாம் வகுப்போடு பள்ளியைப் பிரிந்த அதே பிள்ளை முதலமைச்சராக அமர்ந்து சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. சோற்றுக்காகப் பள்ளியை விட்டு ஓட வேண்டாம், சோறு பள்ளிக்கே வரும் என்றாயிற்று. பிள்ளைகள் வந்தார்கள். வகுப்பறைகள் நிறைந்தன. நல்லது, மிக நல்லது. ஆனால் நான் கேட்கிறேன்: சோற்றைப் பள்ளிக்குள் கொண்டுவந்த நாம், மேடையைக் கொண்டுவந்தோமா?

கொண்டுவரத் தொடங்கியிருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படிக்கும் மாணவர்களுக்குக் கலைத் திருவிழா தொடங்கியது. முதலில் பள்ளி அளவில், பிறகு வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் போட்டி. இருநூற்றுக்கும் மேற்பட்ட போட்டிகள். ஓவியம், களிமண் சிற்பம், கும்மி, கரகம், ஒயிலாட்டம், வில்லுப்பாட்டு, பலகுரல், பறை. பின்னர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது.

பறை என்று சொன்னேன். அதில் ஒரு நிமிடம் நிற்க விரும்புகிறேன். சாவு வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, திண்ணைக்குக் கீழே நிறுத்தி, அடிக்கச் சொன்ன கருவி அது. அந்தக் கருவியைத் தொட்ட கையைத் தொடாதே என்று சொன்ன ஊர்கள் இவை. அதே ஊர்ப் பள்ளியில் இன்று சீருடை போட்ட பெண் பிள்ளைகள் இடுப்பில் துண்டு கட்டிப் பறை அடிக்கிறார்கள். தலைமையாசிரியர் எழுந்து நின்று கைதட்டுகிறார். எந்தத் தெருப் பிள்ளை அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சட்டத்தால் மட்டும் செய்ய முடியாத ஒரு காரியத்தை ஒரு பள்ளி மேடை செய்கிறது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்த அன்று எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்படியானால் இந்த மனிதருக்கு இன்னும் என்ன குறை என்று நினைப்பீர்கள். சொல்கிறேன்.

அறுநூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கான சுற்றறிக்கை வருகிறது. பெயர்களை அனுப்ப வேண்டிய நாள் அடுத்த வாரம். ஆசிரியர் என்ன செய்வார்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைத் தேடுவார். வெளியே பரதம் கற்றுக்கொள்ளும் பிள்ளை இருக்கிறதா என்று கேட்பார். போன ஆண்டு பரிசு வாங்கியவனைக் கூப்பிடுவார். மேடை யாருக்குக் கிடைத்தது? ஏற்கெனவே தெரிந்தவருக்கு. தெரியாத பிள்ளை என்ன செய்யும்? கீழே உட்கார்ந்து கைதட்டும். ஆறாம் வகுப்பில் கைதட்டத் தொடங்கிய பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்.

போட்டி திறமையைக் கண்டுபிடிக்கும். திறமையை உண்டாக்குவது எது? வாரந்தோறும் கூடுகிற மன்றம். தெரியாத பிள்ளை தவறாகப் பாடலாம், யாரும் சிரிக்கக் கூடாது என்ற விதி உள்ள இடம் அது. விழா நமக்கு வந்துவிட்டது, பெரியோர்களே. மன்றம் இன்னும் வரவில்லை.

நம்மைவிட அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாதையில் இறங்கியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். கேரளத்தின் பள்ளிக் கலோத்சவம் 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. மறு ஆண்டு, 1958. வாய்ப்பாட்டில் முதல் பரிசு பெற்ற மாணவர் யார் தெரியுமா? கே.ஜே. யேசுதாஸ். மிருதங்கத்தில் முதல் பரிசு? பி. ஜெயச்சந்திரன். ஒரு பையன் பாட, மற்றொரு பையன் மிருதங்கம் வாசிக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. இன்றைக்கும் மலையாளிகள் அதைக் காட்டிக் காட்டி மகிழ்வார்கள். மிருதங்கத்துக்குப் பரிசு வாங்கிய பையனும் பின்னாளில் பாடகராகவே புகழ் பெற்றார். தமிழில் அவர் குரலைக் கேட்டு உருகாதவர் யார்? பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பதினான்கு வயதில் ஒரு நடுவரின் மதிப்பெண் முழுதாகச் சொல்லிவிடாது என்பதற்கு அந்தப் படமே எனக்குச் சாட்சி.

அந்தக் கலோத்சவம் வளர்ந்தது. 1986இல் அதிகப் புள்ளி பெறும் மாணவிக்குக் கலாதிலகம், மாணவருக்குக் கலாபிரதிபா என்று பட்டம் வந்தது. வெற்றி பெறும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை வந்தது. கூடவே வேறு சிலவும் வந்தன. ஒரு நடனத்துக்கு நகை, உடை, ஒப்பனை, பக்கமேளம் என்று குடும்பங்கள் பணத்தைக் கொட்டின. முடிவில் உடன்பாடு இல்லாத பெற்றோர் மேல்முறையீடு செய்தார்கள். நீதிமன்றப் படி ஏறினார்கள். பிள்ளை ஆடியது போய், பெற்றோரின் வீம்பு ஆடத் தொடங்கியது. கேரளம் என்ன செய்தது? ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பட்டங்களைக் கைவிட்டது. முதலிடம், இரண்டாமிடம் என்று பிரிப்பதை விட்டு, தகுதிக்கேற்ற தரம் கொடுக்கும் முறைக்கு மாறியது. 2025இல் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில், பணியர், இருளர், பளியர் ஆட்டங்கள் உட்பட ஐந்து பழங்குடிக் கலைகளைப் போட்டிக்குள் சேர்த்தது.

சிங்கப்பூரையும் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்தே ஆக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் இந்திய நடனக் குழுவிலும் தமிழ் மொழி மன்றத்திலும் இருக்கிறார்கள். 1967 முதல் இளையர் விழா நடக்கிறது. அங்கும் தங்கம், வெள்ளி என்று பதக்கக் கணக்கில் இருந்த முறையை 2013இல் மாற்றினார்கள். ஒரு குழு இன்னொரு குழுவை வென்றது என்பதைவிட, ஒவ்வொரு குழுவும் எந்தத் தகுதியைத் தொட்டது என்று பார்க்கும் சான்றிதழ்கள் வந்தன.

முன்னே போனவர்கள் எல்லோரும் போட்டியின் சூட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் தொடங்கும்போதே கலையரசன், கலையரசி என்று பட்டம் வைத்தோம். கேரளம் இறக்கிவைத்த சுமையை நாம் ஏன் தூக்கிக்கொள்ள வேண்டும்? அதிகாரிகள் யாராவது இந்த அவையில் இருந்தால், பணிவோடு கேட்கிறேன்: யோசித்துப் பாருங்கள்.

இனி மன்றத்துக்கு வருகிறேன். மன்றம், மன்றம் என்கிறாரே, அதில் அப்படி என்ன நடக்கும்? ஒன்றை விரித்துச் சொன்னால் மற்றவை விளங்கும். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீண்ட வில், அதில் கட்டிய மணிகள், நாணைத் தட்ட இரண்டு வீசுகோல்கள். பக்கத்தில் மண்குடம், அதன் வாயில் அடிக்கப் பாளையில் செய்த பத்தி. உடுக்கை, ஜால்ரா, கட்டை. நடுவில் கதை சொல்லும் புலவர். சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய நடந்த கலை. கலைவாணர் அதைக் காந்தியின் கதை சொல்ல எடுத்தார். சுப்பு ஆறுமுகம் அதையே வாழ்நாள் முழுதும் செய்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார்.

ஒரு பள்ளியில் இந்தக் குழுவை அமைக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நன்றாகப் பேசும் பிள்ளை கதை சொல்ல வரும். பாடும் பிள்ளை ஒன்று. இவர்கள் இருவரையும் எந்தப் போட்டியும் கண்டுபிடித்துவிடும். மீதி? குடம் அடிக்க ஒரு பிள்ளை வேண்டும். அவனுக்குப் பேச வராது. பரவாயில்லை, தாளம் வரும். ஜால்ரா தட்ட ஒருத்தி வேண்டும். குடத்தைக் குயவர் வீட்டில் போய்த் தட்டிப் பார்த்து, நாதம் சரியாக இருப்பதை வாங்கி வர ஒரு பிள்ளை வேண்டும். எங்கள் பள்ளியில் கடைசி இருக்கைக்காரன் ஒருவன் அதற்குப் போனான். அவனுடைய தாத்தா குயவர். அன்றைக்கு அவன் குடத்தைப் பற்றிச் சொன்னதை, மண்ணின் பதம், சூளை, ஓசை எல்லாவற்றையும் விளக்கியதை, எங்கள் ஆசிரியர் அறையே நின்று கேட்டது.

அதன் பிறகு, மிக முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. "ஆமாம்" போடுகிறவர். கதை சொல்பவர் ஒரு வரி சொல்ல, "ஆமா, அப்படியா, அப்புறம்?" என்று எடுத்துக்கொடுப்பவர். பார்க்க எளிதாகத் தோன்றும். செய்து பாருங்கள், தெரியும். ஒரு நொடி முந்தினால் கதை உடையும். ஒரு நொடி பிந்தினால் கதை தொய்யும். எதிரே இருப்பவர் சொல்வதை உயிரைக் கொடுத்துக் கேட்டால்தான் அந்த "ஆமாம்" சரியான இடத்தில் விழும். நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டி இருக்கிறது. கட்டுரைப் போட்டி இருக்கிறது. பிறர் பேச்சைக் கேட்பதற்கு எங்கே பயிற்சி இருக்கிறது? இதோ, இந்த இடத்தில் இருக்கிறது. இதற்கு எந்த நடுவரும் தனிப் பரிசு கொடுப்பதில்லை. கொடுக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு அது தெரியும், குழுவுக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம், கூடிச் செய்யும் கலையே ஒரு கல்வி என்ற இந்த உண்மையை ஆழமாக அறிந்திருந்தார். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை அமைத்தவர் அவர். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதினார். நாடகத்தைக் கல்வியாகவே பார்த்தார். போர் சூழ்ந்த மண்ணில், பிள்ளைகள் கூடி நின்று பாடவும் ஆடவும் ஓர் இடம் வேண்டும் என்று உழைத்த மனிதர். நமக்கு இங்கே குண்டு விழவில்லை. நமக்கு என்ன தடை?

இலக்கிய மன்றத்துக்கு வருவோம். அதை "பேச்சுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் இடம்" என்று சுருக்கிவிட்டோம். பழைய முறை அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. தமிழ்த்தாய் வாழ்த்து. ஒரு மாணவர் வரவேற்புரை. ஒரு மாணவி தலைமை. செயலாளர் எழுந்து, சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். "இதில் பிழை ஏதும் உண்டா?" என்று தலைவி அவையைக் கேட்பார். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "நான் பேசியதை விட்டுவிட்டார்கள்" என்பான். திருத்தி எழுதுவார்கள். பிறகு பேச்சு, பாட்டு, நாடகம். கடைசியில் நன்றியுரை. அந்த நன்றியுரை சொல்கிறவர் கூட்டம் முழுதும் விழித்திருக்க வேண்டும். யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது.

இது வெறும் சடங்கா? இல்லை. இந்தத் தமிழ்நாட்டின் பொதுவாழ்வே இந்த வடிவத்தில்தான் வளர்ந்தது. தெருமுனைக் கூட்டமும் தொழிற்சங்கக் கூட்டமும் மாதர் சங்கக் கூட்டமும் இப்படித்தான் நடந்தன. ஒரு கூட்டத்தை நடத்தத் தெரிந்த பதினைந்து வயதுப் பெண், நாளைக்குத் தன் ஊராட்சியில் தலைவியாக உட்காரும்போது, பக்கத்தில் கணவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டிய தேவை இருக்காது. அறிக்கையைப் பிழை கண்டு திருத்தச் சொன்ன பையன், நாளைக்குக் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாங்கிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவான். இதை எந்தப் பாடநூல் கற்றுத்தரும்?

இப்போது நான் கடிந்து பேச வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்றங்கள் காகிதத்தில் இல்லையா? இருக்கின்றன. இலக்கிய மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், வினாடி வினா மன்றம் எல்லாம் சுற்றறிக்கையில் இருக்கின்றன. 2022 நவம்பரில் அறிவியலுக்கும் கணிதத்துக்குமாக வானவில் மன்றம் தொடங்கியது. 2024இல் மகிழ் முற்றம் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்கள். பெயர்கள் எவ்வளவு அழகு! தேசிய கல்விக் கொள்கையும் 2020இல், பாடம் வேறு, பாடத்துக்கு வெளியே உள்ளது வேறு என்று சுவர் எழுப்பாதே என்று எழுதிவைத்தது. எழுத்தில் யாரும் குறை வைக்கவில்லை.

குறை எங்கே? நேரத்தில். ஆளில்.

நேரத்தைப் பாருங்கள். ஓவியப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கிறது. "சார், கணக்கு இன்னும் இரண்டு இயல் பாக்கி, இன்றைக்கு உங்கள் பீரியடைக் கொடுங்கள்" என்று ஒருவர் வருகிறார். ஓவிய ஆசிரியர் கொடுக்கிறார். திருப்பித் தருவார்களா? எந்தக் கணக்காசிரியராவது, "இந்தாருங்கள் சார், போன மாதம் வாங்கிய பீரியட்" என்று திருப்பிக் கொடுத்ததை இந்த அவையில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காதவரைக் கடைக்காரர்கூட ஒரு நாள் நிறுத்துவார். பிள்ளைகளின் பாட்டு நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் வாங்கியவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

"அப்படியானால் பள்ளி விட்ட பிறகு மாலையில் வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். நகரத்துப் பள்ளிக்கு அது சரி. கிராமத்துப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடுவது ஏன்? அந்த டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையை இருட்டிய பிறகு வரட்டும் என்று எந்தத் தாய் விடுவாள்? ஆகவே மாலையில் மன்றம் வைத்தால் என்ன ஆகும்? பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளைக்கு மட்டும், அதிலும் ஆண் பிள்ளைக்கு மட்டும் மன்றம் என்று ஆகும். பெண்பிள்ளை பெரியவளானதும் ஆட்டம் போதும் என்று நிறுத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பள்ளி நேரத்துக்குள் நடக்கும் மன்றத்தை வீடு நிறுத்த முடியாது. பள்ளிக்கு வெளியே தள்ளிய மன்றத்தை வீடு நிறுத்திவிடும். ஆகையால்தான் சொல்கிறேன்: கால அட்டவணைக்குள் வேண்டும். உணவு இடைவேளைக்குப் பிறகு, மணி அடிப்பதற்கு முன்னால் வேண்டும்.

ஆளைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் என்ன சொல்கிறது? ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை ஒட்டி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். பிறகு படிப்படியாக உயர்ந்து ஒரு கட்டத்தில் 12,500 ஆனது. கையில் தூரிகையும் நெஞ்சில் பாட்டும் உள்ள அந்த மனிதர்கள், இளமையில் வந்தவர்கள், தலை நரைத்தும் நிரந்தரத்துக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடியதை நாம் பார்த்தோம். நான் இதை அரசியலாகப் பேசவில்லை. ஒரு பாட்டு ஆசிரியரால் தன் வீட்டு வாடகையைக் கட்ட முடியாவிட்டால், அவர் எந்த மனத்தோடு நம் பிள்ளைக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்பார்?

சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு? குரல் உடைகிற வயது, கோபம் வருகிற வயது, காதல் வருகிற வயது, தன்னை யார் என்று தேடுகிற வயது. பாட்டும் நாடகமும் மிக அதிகம் தேவைப்படும் அந்த வயதில்தான் நாம் அவற்றைப் பிடுங்கிக்கொள்கிறோம். பிடுங்கிக்கொண்டு, "பசங்க எப்போதும் போனையே பார்க்கிறார்கள்" என்று புலம்புகிறோம்.

பெற்றோரே, இதற்காகப் படிப்பு கெடுமா என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. பொதுத்தேர்வுப் பயம் சாதாரணப் பயம் அல்ல. ஒரு மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை மாறுவதை நானும் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கடைசி மாதங்களில் மன்றத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் பதினொன்றாம் வகுப்பு? 2017-18இல் வந்த அந்த வகுப்புப் பொதுத்தேர்வு, 2025-26 முதல் இல்லை. ஓர் ஆண்டு திறந்திருக்கிறது. இரண்டு பொதுத்தேர்வுகளுக்கு நடுவே பிள்ளைகள் மூச்சுவிடக் கிடைத்த ஆண்டு. அந்த ஆண்டையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தப் பயன்படுத்திக்கொள்ள எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். விடாதீர்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே மன்றத்தின் செயலாளர்களாக இருக்கட்டும். அவர்களே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கும்மி சொல்லிக் கொடுக்கட்டும். ஆசிரியர் பற்றாக்குறைக்கு அதுவும் ஒரு மருந்து.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாடகை உடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் மன்றம் நடக்கும். ஊரில் கரகம் ஆடும் அம்மா இருக்கிறார், ஒயிலாட்ட வாத்தியார் இருக்கிறார், தவில்காரர் இருக்கிறார். அவர்களை வாரம் ஒரு முறை மரியாதையாக அழைத்து, போக்குவரத்துச் செலவும் சிறு தொகையும் கொடுத்து, பிள்ளைகள் முன்னால் "ஐயா" என்றும் "அம்மா" என்றும் அழைத்து உட்காரவையுங்கள். திரைப்பாட்டுக்கு ஆட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குப் பிடித்ததைத் தடுப்பது என் வேலை அல்ல. ஆனால் ஆண்டு முழுதும் மன்றம் நடந்த பள்ளியில், ஆண்டு விழாவுக்கு என்ன ஆடலாம் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களாகவே எழுதிய நாடகத்தோடு வருவார்கள்.

இங்கே வந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது வெறுமனே கையெழுத்து வாங்குவதற்காக அல்ல. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் உரிமை உங்களுடையது. கழிப்பறை வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும் என்று எழுதுகிறீர்கள்; எழுதத்தான் வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: வாரத்தில் இரண்டு பாடவேளை மன்றத்துக்கு, அதை வேறு எந்தப் பாடத்துக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அதே வாரத்தில் திருப்பித் தர வேண்டும். அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் அறிக்கை நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். எந்த வாரம் கூட்டம் நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று நீங்கள் கேளுங்கள். தலைமையாசிரியர் வருத்தப்பட மாட்டார். கணக்கு சாரிடமும் அறிவியல் டீச்சரிடமும் "மேலாண்மைக் குழு கேட்கிறது, என்னால் பீரியடைத் தர முடியாது" என்று சொல்ல அவருக்கும் ஒரு துணை வேண்டும்.

ஜூன் மாதம் புதிய கால அட்டவணை போடுவார்கள். அதற்கு முன்னால் உங்கள் குழு கூட வேண்டும். இன்றைக்கு இந்த மண்டபத்தை விட்டுப் போவதற்குள், எந்தத் தேதி என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கூப்பிட்டால் எந்த ஊருக்கும் நான் வருகிறேன்.